மிச்சம் பிடித்த 7 கிலோ

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய வரைபடங்கள் வந்து சேர்ந்தன. மேசையில் விரித்துப் போட்டு மூன்று நாளாக அவற்றைச் சுற்றியே நடந்துகொண்டிருக்கிறேன். கடைசித் தாளின் மூலையில் எடைக் கணக்கு. மொத்தம் 68 கிலோ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாய். ஒருத்தரே ஓட்டும் இரட்டை மிதவைப் பந்தயப் படகுக்கான ஏ-கிளாஸ் விதிப்படி படகு 75 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஆக 7 கிலோ மிச்சம். அந்த இரண்டு கோட்டில் உன் சந்தோஷம் தெரிந்தது. எனக்கும் சந்தோஷம்தான் கண்ணு. ஆனால் அந்த 7 கிலோவை என்ன செய்யப்போகிறாய் என்று தாளில் எங்கேயும் ஒரு வரி இல்லை. ஈயக் கட்டியாக வாங்கித் திருகிவைத்து விதியைச் சரிக்கட்டப் போகிறாயா? அப்படிச் செய்துவிடாதே என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீ படித்த கணக்கை நான் படிக்கவில்லை. 22 வருடம் படகுப் பட்டறையில், இழைத்துணியில் ரெசின் என்ற பிசினைப் பூசும் உருளையோடு நின்றவள். நான் சொல்வதில் பாதி கைக்குத் தெரிந்தது. மீதி, உடைந்து திரும்பி வந்த படகுகளிடம் கற்றது.

முதலில் எடை எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்ப்போம். காற்று வரும் பக்கத்து மிதவை தண்ணீரை விட்டு எழுந்ததும், படகைக் கவிழாமல் பிடிப்பது இரண்டு எடைகள்: படகு, நீ. படகின் எடை நடுவில் விழுகிறது. கீழே இருக்கும் மிதவையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் தள்ளி. நீ டிரபீஸ் கம்பியில் இடுப்பை மாட்டி வெளியே தொங்கும்போது மூன்று மீட்டருக்குச் சற்று மேல். நீயும் 75 கிலோ என்று வைத்துக்கொண்டால், படகை நிமிர்த்தும் வலுவில் ஏறக்குறைய முக்கால் பங்கு உன்னுடையது. அதனால் படகை லேசாக்கினால் தாங்கும் வலு பெரிதாகக் குறையாது, சுமை மட்டும் குறையும். நீ எடைக்குப் பின்னால் ஓடியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விதி 75-ல் நிறுத்தி வைத்திருக்கிறது. அதற்குக் கீழே மிச்சம் பிடித்தது எல்லாம் வேறிடத்தில் செலவு செய்யத்தான். எங்கே என்பதுதான் பேச்சு.

இரண்டு மிதவைகளையும் இணைக்கும் உன் முன் குறுக்குச்சட்டத்தைப் பார். பாய்மரத்தின் அடி அதன் நடுவில் நிற்கிறது. அதற்குக் கீழே தண்ணீர்தான், தாங்குவதற்கு ஒன்றும் இல்லை. பக்கக் கம்பிகள் மிதவைகளை மேலே இழுக்க, பாய்மரம் சட்டத்தின் நடுவைக் கீழே குத்துகிறது. அதற்காகத்தான் சட்டத்துக்கு அடியில் ஒரு கம்பியைப் போட்டு, வில்லுக்கு நாண் ஏற்றுவது போல இறுக்குகிறோம். நீயும் போட்டிருக்கிறாய், அளவு சரி. இது வளைவு, எல்லோரும் கவனித்துவிடுவார்கள். கவனிக்காமல் விடுவது முறுக்கை.

காற்று ஓங்கும்போது கீழே இருக்கும் மிதவையின் அணியம், அதாவது முன்முனை, தண்ணீருக்குள் அமுங்கப் பார்க்கும். மேலே தூக்கிய மிதவை தன் போக்கில் தலை நிமிரப் பார்க்கும். இரண்டும் எதிரெதிராகத் திரும்பும்போது சட்டங்கள் வளைகின்றன, முறுகவும் செய்கின்றன. அதோடு நிற்பதில்லை. இரண்டு சட்டங்களுக்கு இடைப்பட்ட மிதவைப் பகுதியும் முறுகுகிறது. நீ மிதவையின் வெளிக்கூடான ஓடு அந்த இடத்திலும் அணியத்தில் இருப்பது போலவே மெல்லியதாக இருக்கும்படி போட்டிருக்கிறாய்.

முறுகினால் என்ன என்று கேட்பாய். காற்று அடித்ததும் பாய்ந்து கிளம்ப வேண்டிய படகு முதலில் நெளியும், பிறகுதான் கிளம்பும். நெளிகிற அந்த நொடியில் பாயின் பின்விளிம்பு தளர்ந்து காற்று வெளியே ஓடிவிடும். நீ வேறு, தண்ணீருக்குள் இருந்து படகை மேலே தூக்கிப் பறக்கவைக்கும் இறக்கைகள் வைத்திருக்கிறாய். சுக்கானின் அடியில் இருக்கும் சின்ன இறக்கைகளை அரை டிகிரி, கால் டிகிரி என்று பார்த்துப் பார்த்துத் திருப்பிவைக்கிறோம். சட்டகம் ஒரு டிகிரி முறுகினால் இடது இறக்கை சொல்வதற்கும் வலது இறக்கை சொல்வதற்கும் சம்பந்தம் இருக்காது.

கட்டி முடித்ததும் ஒரு சோதனை செய். படகைச் சமதரையில் நான்கு இடத்தில் தாங்கி வை. ஒரு அணியத்தை மட்டும் மெல்லத் தூக்கு. மற்ற அணியம் எப்போது எழுகிறது என்று அளவுகோல் வைத்துப் பார். நல்ல படகில் கொஞ்சம் தூக்கியதுமே பக்கத்து அணியமும் கூடவே வந்துவிடும். மோசமான படகில் ஒன்று மேலே போய்க்கொண்டே இருக்கும், இன்னொன்று அசையாமல் கிடக்கும்.

நம் கட்டுமரத்தின் பெயரைத்தான் உலகம் இந்த இரட்டை மிதவைப் படகுக்குக் கேட்டமரான் என்று வைத்துக்கொண்டது. ஆனால் கட்டுமரம் கயிற்றால் கட்டப்பட்டது, நெகிழும். அலை அதன் இடுக்கில் புகுந்து போய்விடும். 1876-ல் நதானியேல் ஹெரஷாஃப் 'அமரிலிஸ்' என்ற இரட்டை மிதவைப் படகை நியூயார்க் போட்டிக்குக் கொண்டுவந்தபோது அவரும் நெகிழ்வைத்தான் நம்பினார். ஒவ்வொரு மிதவையும் அலைக்குத் தக்கபடி தனியாகத் தலையாட்ட மூட்டு வைத்திருந்தார். படகு எல்லோரையும் முந்தியது. மற்றவர்கள் முறையிட்டதில் அந்த வெற்றியை ஏற்கவில்லை. அந்தக் காலத்து மரத்துக்கும் கம்பிக்கும் அது புத்திசாலித்தனமான வழி என்றே நினைக்கிறேன். விறைப்பாகச் செய்திருந்தால் மூட்டு இருந்த இடத்திலேயே முறிந்திருக்கும். கார்பன் இழை கையில் இருக்கிற உனக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை.

அதனால் 7 கிலோவில் பாதியை இங்கே போடு. சட்டக் குழாயின் விட்டத்தை 20 சதவீதம் கூட்டி, அதே எடைக் கார்பனை மெல்லியதாகப் பரப்பினாலே முறுக்கைத் தாங்கும் விறைப்பு 1.44 மடங்காகும், எடை ஒரு கிராம்கூட ஏறாது. ஒரேயடியாகப் பெரிதாக்காதே, அலை வந்து சட்டத்தில் மோதும், குழாயின் சுவரும் நசுங்கும் அளவுக்கு மெலிந்துவிடும். எடை கேட்பது இனிமேல்தான். உன் இழைகள் அத்தனையும் குழாயின் நீளவாக்கில் ஓடுகின்றன. அது வளைவுக்கு. முறுக்குக்கு 45 டிகிரிச் சாய்வில் இரண்டு பக்கமும் ஓட வேண்டும், கயிறு திரிப்பது போல. மிதவையின் ஓட்டிலும் இரண்டு சட்டங்களுக்கு நடுவே மட்டும் அதே சாய்வில் இன்னொரு அடுக்கு வை. சட்டம் மிதவையில் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே ஒரு தடுப்புச்சுவர் கட்டாயம். சட்டத்தைப் போல்ட் போட்டுப் பிடிக்காமல் ஒட்டிவிடு. 2.30 மீட்டர் அகலம்தானே, பிரிக்காமலே வண்டியில் ஏற்றலாம்.

அணியத்தின் நுனியிலும் பின்முனையான அமரத்தின் கடைசியிலும் பாய்மர உச்சியிலும் மட்டும் ஒரு கைப்பிடி ரெசின்கூடக் கூடுதலாக வைக்காதே. நடுவிலிருந்து 2.7 மீட்டரில் இருக்கும் ஒரு கிலோ, அரை மீட்டரில் இருக்கும் ஒரு கிலோவைவிட 29 மடங்கு படகைத் தலையாட்ட வைக்கும். தூரத்தின் வர்க்கம், இது உனக்கே தெரியும்.

இனி, உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று.

நீ பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நாளில் நான் ஒரு பந்தயப் படகின் மிதவைக்கு ஓடு போட்டேன். உள்ளே ஒரு தோல், வெளியே ஒரு தோல், நடுவில் நுரைப்பலகை; நீ சாண்ட்விச் என்று எழுதுகிறாயே, அதுதான். நடுவில் இருக்கும் நுரைக்கு எடையே இல்லை, ஆனால் தோல்கள் இரண்டையும் விலக்கி வைப்பதாலேயே விறைப்பு பல மடங்கு ஏறுகிறது. அந்த விலகல் பயன்பட வேண்டுமானால் தோல் நுரையோடு ஒட்டியிருக்க வேண்டும். அன்று அவசரம். நுரையின் முகத்துக்கு முதலில் ரெசின் பூசி அதன் துளைகளை நிறைக்க வேண்டும். முன் சட்டம் உட்காரும் இடத்தில் அதைச் சரியாகப் பூசாமல் துணியை விரித்தேன். துணியை நுரையோடு அமுக்கிப் பிடிக்கும் வெற்றிடப் பை ஓரிடத்தில் கசிந்தது. கேட்டேன், சீறும் சத்தம் காதில் விழுந்தது. பசையை வைத்து அடைத்துவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் அச்சிலிருந்து எடுத்தபோது கண்ணாடி போல மினுங்கியது. எல்லோரும் பாராட்டினார்கள்.

நான்கு மாதம் கழித்துப் பலத்த காற்றில் அந்த இடத்தில் தோல் உரிந்து, சட்டம் மிதவைக்குள் இறங்கிவிட்டது. பாய்மரம் சாய்ந்தது. ஓட்டிய இரண்டு பேரும் மிதவையைப் பிடித்துக்கொண்டு பல மணி நேரம் தண்ணீரில் கிடந்து கரை வந்தார்கள். ஒருவருக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. உடைந்த துண்டை அறுத்துப் பார்த்தேன். நுரையின் முகம் காய்ந்து வெள்ளையாக இருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. பெரிய அலை என்று சொல்லி முடித்துவிட்டார்கள். நான்தான் என்று சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. அடுத்த வாரம் போய் அந்தத் தோள் முறிந்த பையனிடம் மட்டும் சொன்னேன்.

அன்றிலிருந்து ஒரு நாணயம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மிதவை ஓடாக, ஒரு விரல் இடைவெளி விட்டுத் தட்டிப் பார்ப்பேன். ஒட்டிய இடம் கணீரென்று பேசும். ஒட்டாத இடம் அடைத்த தொண்டை போல மொத்தென்று விழும். கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன, வாங்க முடிந்தால் வாங்கு. நாணயத்தையும் கையில் வைத்துக்கொள்.

இதனால்தான் நீ நடுவில் நுரைக்குப் பதிலாக, தேன்கூடு போல அறை அறையான அடுக்கு போட்டிருப்பதைப் பார்த்ததும் நெஞ்சு துணுக்கென்றது. நுரையைவிட லேசு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் தோல் ஒட்டுவது அறைகளின் மெல்லிய விளிம்பில் மட்டும்தான். பசைப்படலமும், சீரான சூடு கொடுக்கும் அடுப்பும், பொறுமையான கையும் வேண்டும். ஒரு சின்ன ஓட்டை விழுந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து தங்கிவிடும், வெளியே தெரியாது. மேல்தளத்தில் வைத்துக்கொள். நீர்மட்டத்துக்குக் கீழே நுரையே இருக்கட்டும். சட்டமும், மிதவை வழியாகத் தண்ணீருக்குள் இறங்கும் செருகுபலகையின் கூடும் வரும் இடங்களில் கனமான நுரை. போல்ட் போகும் இடத்தில் நுரையே வேண்டாம், கெட்டியாகக் கார்பனை அடுக்கு. அலுமினியத் துண்டு எதுவும் கார்பனைத் தொடாமல் நடுவில் கண்ணாடி இழை ஒரு அடுக்கு வை, இல்லாவிட்டால் உப்புநீரில் அலுமினியம் அரித்துப்போகும். இதற்கெல்லாம் இன்னொரு இரண்டு கிலோ ஆகும். ஆகட்டும்.

மிதவையின் வடிவத்தில் எனக்குக் குறை இல்லை. அடி அரைவட்டமாக வந்திருக்கிறது, நனையும் பரப்பு குறைவு. அலையைக் குத்திப் போகும் அணியமும் அழகு. ஆனால் ஏ-கிளாஸின் நீளம் 5.49 மீட்டர், அகலம் 2.30, உன் பாயோ உயரம். பின்காற்றில் படகு பக்கவாட்டில் கவிழ்வதைவிட, அணியம் குத்திக் குட்டிக்கரணம் அடிக்கத்தான் வாய்ப்பு அதிகம். பெரிய கேட்டமரான்களுக்கே அணியத்தில்தான் தொல்லை வந்தது. 'ப்ளேஸ்டேஷன்' 105 அடியில் கட்டி ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு 125 அடியாக நீட்டினார்கள். 'டீம் பிலிப்ஸ்' 2000 மார்ச்சில் ஓட்டிப் பார்த்தபோதே ஒரு அணியம் முறிந்து போனது. உன் அணியத்தின் கீழ்ப்பாதியில் இன்னும் கொஞ்சம் சதை வை. கூர்மையைத் தொடாதே, அடிவயிற்றை மட்டும் முன்னே கொண்டுவா.

இறக்கைகளைப் பற்றி. 2013-ல் அமெரிக்கக் கோப்பைப் படகுப் போட்டிக்காக 72 அடிக் கேட்டமரான்கள் தண்ணீரை விட்டு எழுந்து பறந்ததை நீயும் நானும் சேர்ந்து பார்த்தோம். அதே வருடம் மே மாதம் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் பயிற்சியில் ஒரு படகு கவிழ்ந்து உடைந்து, ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஆண்ட்ரூ சிம்ப்சன் இறந்துபோனார். அந்தச் செய்தி வந்த இரவு நான் தூங்கவில்லை. உன்னைத் தடுக்க இதை எழுதவில்லை. அதே கோணத்தில் வேகம் இரட்டித்தால் இறக்கையின் தூக்கு நான்கு மடங்காகும். சட்டகத்தில் விழும் சுமையும் கூடவே ஏறும். தண்ணீரில் ஊர்கிற படகுக்குப் போட்ட கணக்கு பறக்கிற படகுக்குப் போதாது. முதல் பருவத்தில் இறக்கை இல்லாமல் நேரான செருகுபலகை போட்டு ஓட்டு. சட்டகத்தை மாதம் ஒருமுறை அந்த அணியம் தூக்கும் சோதனையில் அள. எண் மாறாமல் இருந்தால் இறக்கையை இறக்கு. தலைக்கவசமும் கயிறு அறுக்கும் கத்தியும் உடம்போடு இருக்க வேண்டும், பையில் அல்ல.

இதுவரை ஆறு கிலோ கிட்டச் செலவாகியிருக்கும். மீதியை என் பங்காக விட்டுவை. உருளை பிடித்தால் ரெசின் கொஞ்சம் கூடத்தான் போகும். எந்தக் கைக்கும் போகும். வரைபடத்தில் வராத எடை அது.

திருத்திய சட்டத்தின் படத்தை அனுப்பு, இழையின் சாய்வைக் குறித்து அனுப்பு. முதல் மிதவை ஓடு அச்சிலிருந்து வெளியே வரும் தேதியை ஒரு வாரம் முன்னால் சொல். நாணயத்தோடு வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
அம்மா