வெளியே நிற்காதே, எய்யா

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம்.

போனிலேயே பேசலாமே என்று நினைப்பாய். போனில் நீ "நல்லாருக்கேம்மா, வைக்கட்டா" என்பதற்கு மேல் பேசுவதில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி முழித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்காதே. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது வேதத்தைத் தானே வாசிக்கிறார்கள். இந்த வருஷம் பதநீர் குறைவு, கருப்பட்டி விலை ஏறிக்கிடக்கிறது. பேத்திக்குச் சில்லுக்கருப்பட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

போன வாரம் அவள் ஓய்வுநாள் பள்ளியில் படித்த பாட்டைப் போனில் பாடிக் காட்டினாள். பாடி முடித்துவிட்டு அவளாகவே, "ஆச்சி, அப்பா கோயிலுக்குள்ள வரமாட்டாங்க, வெளிய வண்டியிலயே இருப்பாங்க" என்றாள். அவளைத் திட்டாதே. நான் ஒன்றும் கேட்கவில்லை. மருமகளும் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதையும் தெரிந்துகொள்.

அந்த விஷயத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. யாரும் கண்டுபிடிக்கும் முன்னால் நீயே குருவானவரிடம் போய்ச் சொன்னாயாம், எடுத்த சங்கப் பணத்தைக் கடைசி ரூபாய் வரைக்கும் கட்டிவிட்டாயாம். அத்தான் சொன்னார்கள். அப்பா கேட்டுவிட்டு, "செய்தது தப்பு, சொன்னானே, அதுக்குத் தைரியம் வேணும்" என்றார்கள். இவ்வளவும் செய்த பிள்ளை இன்னும் ஏன் வெளியே நிற்கிறது? எனக்கு உறக்கம் வரமாட்டேன் என்கிறது.

உன் மனதில் ஓடுவது எனக்குத் தெரியும். பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதின நிருபம், 1 கொரிந்தியர் 11. திருவிருந்தின் அப்பத்தை அபாத்திரமாய், தகுதியில்லாமல், புசிக்கிறவன் குற்றமுள்ளவன் என்ற வசனம். முதல் தரம் திருவிருந்து எடுக்கத் திடப்படுத்தலுக்குப் படிக்கும்போதே அதை வாசித்துவிட்டு இரண்டு நாள் பயந்துகொண்டு திரிந்தவன் நீ. எய்யா, அந்த அதிகாரத்தை மேலும் கீழும் சேர்த்து வாசி. கொரிந்து சபையின் பந்தியில் சிலர் முந்திக்கொண்டு தின்று, குடித்து வெறித்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். பவுல் கோபப்பட்டது அதற்கு. மனம் உடைந்தவனை வாசலில் நிறுத்துவதற்கு அவர் எழுதவில்லை. அடுத்த வசனமே தன்னைத்தானே சோதித்தறிந்து இந்த அப்பத்தில் புசிக்கக்கடவன் என்று வருகிறது. சோதித்துவிட்டுப் புசி என்கிறார், சோதித்துவிட்டு வீட்டுக்குப் போ என்றில்லை. நீ மாதக்கணக்காகச் சோதித்துக்கொண்டே இருக்கிறாய்.

திருவிருந்து ஆராதனையில் பந்திக்கு முன்னால் சபை முழுக்க முழங்காலில் நின்று என்ன ஜெபிக்கிறோம்? எங்கள் நீதியை நம்பி இந்தப் பந்திக்கு வரவில்லை, கீழே விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் பாத்திரர் அல்ல என்கிறோம். குருவானவராகிய ஐயரும் அதைத்தான் சொல்கிறார், பேராயர் வந்தாலும் அதைத்தான் சொல்கிறார். நீ மட்டும் தனியாக அபாத்திரன் ஆகிவிட்டாயா?

ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஆண்டவரைக் காசுக்குக் காட்டிக்கொடுத்த யூதாசும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். முப்பது வெள்ளிக்காசையும் கொண்டுபோய்க் கொடுத்து, பாவஞ்செய்தேன் என்று வாய்விட்டும் சொன்னான். மத்தேயு 27. அவன் போனது ஆசாரியர்களிடம். எங்களுக்கென்ன, அது உன்பாடு என்று விரட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் செய்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. நீ அதை நினைக்கிறாய் என்று நான் சொல்லவில்லை. தனியாக இருக்காதே என்றுதான் சொல்கிறேன். மனசு பாரமாக இருக்கிற ராத்திரி எந்த நேரமானாலும் போன் பண்ணு. டாக்டரிடம் போகவேண்டுமென்றால் போ, அதில் வெட்கம் இல்லை, விசுவாசக் குறைவும் இல்லை.

சீஷனாகிய பேதுரு, ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தவன். விழப்போகிறான் என்று ஆண்டவருக்கு முன்னமே தெரியும். தெரிந்துதான் அந்த ராத்திரி அவனையும் பந்தியில் வைத்திருந்தார். உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து என்று லூக்கா 22இல் இருக்கிறது. விழுவதற்கு முன்னாலேயே திரும்பி வருகிறதும், வந்தபிறகு செய்யவேண்டிய வேலையும் பேசியாயிற்று. அப்புறம் உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் நிற்கிறார் என்று கேட்டதும் படகு கரைக்கு வரும்வரை அவனுக்குப் பொறுக்கவில்லை, கடலில் குதித்துவிட்டான். அங்கே ஆண்டவர் கரிநெருப்பில் மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, முதலில் சாப்பிடத்தான் கூப்பிட்டார். என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா என்று கேட்டதெல்லாம் சாப்பிட்ட பிறகு.

அந்தச் சபையில் மற்றவர்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தால், முதல் தரம் திருவிருந்தை இங்கே நம் கோயிலில் எடு. நம் ஐயரிடம் நான் பேசவில்லை, பேசவும் மாட்டேன். அவரைப் பார்ப்பதும் பார்க்காததும் உன் இஷ்டம். ஆனால் மூன்றாவது பெஞ்சில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவேண்டும். குடும்ப ஜெபத்தில் உன் பேரைச் சொல்லும்போது அவர்களுக்குக் குரல் அடைத்துவிடுகிறது. என்னிடம் காட்டிக்கொள்வதில்லை.

வருகிற திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை செந்தூர் எக்ஸ்பிரஸில் மூன்று பேரும் ஏறுங்கள். சனிக்கிழமை நாசரேத்தில் இறங்கலாம், அப்பா ஸ்டேஷனுக்கு வருவார்கள். டிக்கெட் எடுத்ததும் அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொல். எனக்கு அப்புறம் பண்ணினால் போதும்.

அன்புள்ள அம்மா