மழைக்காலத்தில் ரெகுலேட்டரின் முதல் நிலையைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குளுவாங்கிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வளர்ந்த நம் இளைஞர்கள் சிலர், இப்போது விடுமுறை கிடைத்தால் மெர்சிங் வரை காரில் சென்று, அங்கிருந்து தியோமானுக்கும் அவூர் தீவுக்கும் படகேறி ஸ்கூபா முக்குளிப்பில் ஈடுபடுகிறார்கள். செம்பனைக்கும் ரப்பருக்கும் நடுவே வளர்ந்தவர்கள் கடலின் அடியைப் பார்த்துவிட்டு வருவது பெருமைக்குரியது. ஆனால் முக்குளிப்புக் கருவிகளைப் பழுது பார்க்கும் தொழிலில் இருக்கும் எனக்கு, அவர்களில் பலர் கொண்டுவரும் ரெகுலேட்டர்களின், அதாவது கலனிலுள்ள காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் கருவிகளின், நிலை பெருங்கவலை தருகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழையால் கிழக்குக் கரையில் முக்குளிப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. கருவிகள் கெடுவதும் அவற்றைச் சீர்செய்ய நேரம் கிடைப்பதும் இதே மாதங்களில்தான் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ரெகுலேட்டரில் வாயில் கடித்துக்கொள்ளும் பகுதி இரண்டாம் நிலை. காற்றுக் கலனின் வால்வில் இறுக்கப்படும் உலோகப் பகுதி முதல் நிலை. கலனில் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்றை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் மட்டுமே அதிகமான அளவுக்குக் குறைத்து, ஒவ்வொரு மூச்சுக்கும் தடையின்றி அனுப்பும் வேலையை அந்தக் கைப்பிடியளவு உலோகமே செய்கிறது. வாய்ப்பகுதியை எல்லாரும் கழுவுகிறார்கள், துடைக்கிறார்கள். முதல் நிலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதல் நிலை பெரும்பாலும் கெடுவது கடலுக்குள் அல்ல, கரைக்கு வந்த பிறகுதான். கலனிலிருந்து அதைக் கழற்றியவுடன் காற்று நுழையும் வாய் திறந்துகொள்கிறது. அதை மூடுவதற்கென்றே ஒரு மூடி இணைக்கப்பட்டிருக்கிறது. அந்த மூடியோ கடல்நீரில் நனைந்திருக்கிறது. பலர் கலனின் வால்வைச் சற்றே திறந்து, சீறும் காற்றில் மூடியை உலர்த்துகிறார்கள். காதைப் பிளக்கும் அந்தச் சீற்றம் நீர்த்துளிகளைத் திறந்திருக்கும் வாய்க்குள்ளேயே தள்ளிவிடக்கூடும். உலர்ந்த துணியால் மூடியைத் துடைத்து, உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்து, பிறகு மூடுவதே சரியான முறை. மூடி இறுக்கப்படாமல் முதல் நிலையை நீரில் முக்கவே கூடாது. கழுவும்போது வாய்ப்பகுதியின் நடுவிலுள்ள பொத்தானையும் அழுத்தக் கூடாது. அழுத்தினால் உள்ளிருக்கும் வால்வு திறந்து, நீர் குழாய் வழியாக முதல் நிலைவரை சென்றுவிடும். இயன்றால் கலனில் பொருத்தி, காற்றைத் திறந்து வைத்த நிலையிலேயே கழுவுவது எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பானது.

உள்ளே நீர் போயிருக்கிறதா என்பதை முதல் நிலையில் காற்று நுழையும் வாயிலுள்ள சிறிய வடிகட்டியே காட்டிக்கொடுத்துவிடும். புதிதாக இருக்கும்போது அது மங்கிய வெள்ளி நிறத்தில் இருக்கும். விளக்கொளியில் அதன் மேல் பச்சைப் படலம் தெரிந்தால், உப்புநீர் புகுந்து பித்தளை அரிக்கப்படுகிறது என்று பொருள். செம்பழுப்பாக இருந்தால் எஃகுக் கலனின் உட்புறத்தில் துரு ஏறியிருக்கிறது; கறுத்திருந்தால் காற்று நிரப்பிய கம்ப்ரசரை ஐயப்பட வேண்டும். அடைபட்ட வடிகட்டியோடு கரையோரத்தில் மூச்சு விடுவது எளிதாகவே இருக்கும். ஆழத்தில் காற்று அடர்த்தியாகி, கலனிலும் அழுத்தம் குறைந்திருக்கும் வேளையில்தான், மூச்சை இழுக்க இழுக்கப் போதாமல் திணற நேரிடும்.

குழாயடியில் ஒரு நிமிடம் காட்டி எடுப்பது கழுவுதல் ஆகாது. பிஸ்டன் வகை முதல் நிலைகள் பலவற்றில் பக்கவாட்டுத் துளைகள் வழியாகக் கடல்நீர் சுருள்வில் வரை சென்று வருகிறது. அங்கே காய்ந்து படிகமாகும் உப்பு, நல்ல நீரில் நெடுநேரம் ஊறினால்தான் கரையும். தோட்டத்தில் மருந்தடிக்கும் பம்பை மாலையில் நல்ல நீர் ஊற்றி அடித்துக் கழுவாமல் நம் பெற்றோர் கொட்டகையில் வைத்ததில்லை; அந்தப் பழக்கம் இந்தக் கருவிக்கும் வேண்டும். ஊறிய பிறகு நிழலில் முழுவதும் உலரவிட்டு, ரப்பர்க் குழாய்களை மடித்து நெருக்காமல் தளர்வாகச் சுற்றி வைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டி அதற்கு ஏற்ற இடமன்று.

இணையக் காணொளியைப் பார்த்துவிட்டு முதல் நிலையை வீட்டிலேயே பிரிப்பவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: செய்யாதீர்கள். கதவுக் கீலுக்குப் போடும் எண்ணெய் ரப்பர் வளையங்களைக் கெடுக்கும். ஆக்சிஜன் செறிந்த காற்றை உயர் அழுத்தத்தில் பயன்படுத்துவோருக்கு அது தீ விபத்தாகவே முடியலாம். தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் கால அளவில், பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறையோ 100 முறை மூழ்கிய பிறகோ, எது முந்துகிறதோ அப்போது, பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள்.

இடைப்பட்ட காலத்தில் யாரும் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. மிதவைச் சட்டைக்குக் காற்று செல்லும் குழாயில் ஓர் அழுத்தமானியைப் பொருத்திக் கலனைத் திறந்தால், முள் அந்தக் கருவிக்குரிய அளவில், எடுத்துக்காட்டாக 9.5 பாரில், அசையாமல் நிற்க வேண்டும். அது சிறுகச் சிறுக 11, 12 என்று ஏறிக்கொண்டே போனால் கலனின் உயர் அழுத்தக் காற்றை உள்ளே தடுத்து நிறுத்தும் அடைப்பான் தேய்ந்துவிட்டது என்று பொருள். மிஞ்சிய அழுத்தம் இரண்டாம் நிலையைத் திறந்து காற்றைக் கொட்டச் செய்யும். ஆழத்தில் ஒரு முழுக் கலனும் சில நிமிடங்களில் காலியாகிவிடும். இரண்டாம் நிலையைக் கழற்றிவிட்டு இச்சோதனையைச் செய்யக் கூடாது, ஏனெனில் அழுத்தம் வெளியேற வேறு வழி இருக்காது.

நம் இளைஞர்களின் முக்குளிப்புப் பயிற்சிக்குப் பணம் கொடுத்து உதவும் மன்றங்கள், கருவிப் பராமரிப்புக்கும் ஒரு தொகையை ஒதுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பட்டணத்துக்கு ஒன்றாக ஓர் அழுத்தமானியைப் பொதுவில் வாங்கி வைத்தால் பலருக்கும் பயன்படும். பழைய ரெகுலேட்டரை விலைக்கு வாங்க நினைப்பவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து வடிகட்டியின் நிறத்தைப் பார்த்துவிடுங்கள். பருவம் தொடங்கும் மார்ச் மாதத்துக்கு முந்திய வாரத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பட்டறைக்கு வராமல், ஜனவரியிலேயே கருவிகளை அனுப்பிவைத்தால் உதிரிப் பாகங்களை வரவழைக்கவும் நிதானமாகச் சோதிக்கவும் எங்களுக்கு அவகாசம் கிடைக்கும்.

இப்படிக்கு,
முக்குளிப்புக் கருவிப் பழுதுநர்,
குளுவாங், ஜொகூர்.