குட்டியைச் சாப்பிடாமல் அனுப்பாதே

பாப்பா,

மூன்று வாரமாக உன் போன் இல்லை. வேலை இருக்கும், சரி. பண்ருட்டிப் பலா வந்துவிட்டது, அப்பா முழுப் பழமாக வாங்கி வந்து வீடெல்லாம் பிசின். குட்டி காலையில் சாப்பிட்டுவிட்டுத்தானே அந்த ஆட்டிசம் தெரபிக்குப் போகிறான்? சாப்பிடாமல் அனுப்பாதே.

அன்றைக்கு வீடியோவில் குட்டி சின்ன மேசை முன்னால் கையை மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தான். "பாரும்மா, இப்பல்லாம் கையே ஆட்டறதில்ல" என்றாய். வாரம் 30 மணி நேரம் என்றாய். நல்லது என்று சொல்லிவைத்தேன். உன் தம்பியும் பக்கத்தில் இருந்து பார்த்தான். போனை வைத்ததும், படங்களைத் தட்டிப் பேசுவானே அந்த டேப்லெட்டில், 'பசி' படத்தைத் தட்டினான். தோசை வைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டு மறுபடியும் பசி, மேசை, கை, வேண்டாம். நாலு தடவை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

உன்னைப் போலப் படித்தவள் நம் தெருவிலேயே கிடையாது. எத்தனையோ பேரை விசாரித்திருக்கிறாய், தம்பியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சொன்னதைச் செய்தால் பரிசு கொடுத்துப் பழக்குகிற இந்த ஏபிஏ முறையைக் கலிபோர்னியாவில் வளர்த்த லோவாஸ் என்ற உளவியலாளர், வாரம் 40 மணி நேரம் கொடுத்ததாக 1987-இல் எழுதினார். அதற்கு முன் குழந்தைகளை அறைந்தும் மின்சார ஷாக் கொடுத்தும் பார்த்தவர். இப்போது அப்படியெல்லாம் இல்லை என்பாய், தெரியும். மெல் பேக்ஸ் என்று அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள ஒருவர், வாயால் பேசாமல் டைப் செய்து பேசியவர், கையை ஆட்டுவதும் முனகுவதும் பொருளைத் தொட்டுப் பார்ப்பதும் தன் மொழி என்று 2007-இல் ஒரு வீடியோவில் சொன்னார். நான் போன மாதம்தான் பார்த்தேன்.

சின்ன வயதில் தம்பியையும் இதே தெரபிக்குக் கடலூரிலிருந்து பாண்டிக்கு பஸ்ஸில் இழுத்துக்கொண்டு அலைந்தேனே, பல் தேய்க்க அங்கேதான் பழகினான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பசியோடு வந்தால்தான் சொன்னதைச் செய்வான் என்றார்கள். முகத்தைப் பார்த்தால் பிஸ்கட்டில் ஒரு துண்டு. கையை ஆட்டினால் அதுவும் இல்லை. அந்தக் கையை என் முழங்காலுக்கு நடுவில் இறுக்கி வைத்தது வேறு யாரும் இல்லை, நான்தான். ஒரு நாள் நீ யூனிபார்மோடு நின்று அவனுக்கு ஒரு வாய் இட்லி ஊட்டினாய். அதற்காக உன்னை அடித்தேன். எட்டு வயதில் உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை பாப்பா.

குட்டிக்கு வயிறு நிறையக் கொடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, தம்பியிடம் காட்டு. அவன் தட்டி முடிக்கிற வரைக்கும் கட் பண்ணாதே.

அம்மா