ஆயில் ஃபில்டரும் அளவு மீறிய இறுக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முந்தைய சர்வீஸில் யாரோ கருவி போட்டு இறுக்கிவிட்ட என் காரின் ஆயில் ஃபில்டரைக் கழற்ற, மெக்கானிக் அண்மையில் அரைமணி நேரம் போராடினார். தகரக் கூடு கிழிந்த பிறகே அது அசைந்தது. திருகி மாட்டும் ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலைத் தடவி, வளையம் இன்ஜினைத் தொடும்வரை கையால் திருகியபின், கூட்டில் அச்சிட்டுள்ளபடி, பெரும்பாலும் முக்கால் சுற்று, மேலும் இறுக்கினால் போதும். கசிவைத் தடுப்பது அந்த ரப்பர்தானே தவிர, மெக்கானிக்கின் தோள்வலிமை அல்ல. பழைய வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருப்பதைக் கவனிக்காமல் புதியதை மாட்டினாலோ, எவ்வளவு இறுக்கினாலும் ஆயில் ஒழுகவே செய்யும். பிளாஸ்டிக் மூடியைத் திறந்து, உள்ளே வடிகட்டும் பகுதியை மட்டும் மாற்றும் கார்ட்ரிட்ஜ் வகையில், மூடியின் மேலேயே 25 நியூட்டன் மீட்டர் என்பதுபோல், எவ்வளவு திருகுவிசையில் இறுக்க வேண்டும் என்ற அளவைப் பொறித்திருப்பார்கள். அதற்கு, திருகுவிசையை அளந்து இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வேண்டும். இறுக்கிய அளவை சர்வீஸ் நிலையங்கள் பில்லில் குறித்துத் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்