வாகைக்குளம் (தூத்துக்குடி) விமான நிலையத்தில் தைரியம் சொன்ன அண்ணாச்சிக்கு

இறங்க வந்த விமானம் மறுபடி மேலேறியதும் பதறிய எங்களிடம், "பயப்படாதிய, பச்சை விளக்கு மூணும் எரியாம இறக்க மாட்டாவ" என்றீர்களே, நன்றி அண்ணாச்சி.

முன்சக்கரம், இடது, வலது என ஆளுக்கொரு விளக்கு; சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டால் விமானி முன்னால் பச்சையாக எரியும். ஒன்று எரியாவிட்டால் கோளாறு சக்கரத்திலா, சென்சாரிலா, வெறும் பல்பிலா என்று உடனே தெரியாது. அதனால்தான் உயரே வட்டமடித்து, ஒரு விமானி ஓட்ட, மற்றவர் சரிபார்ப்புப் பட்டியலை வாசிப்பார். சக்கரத்தை இறக்கும் ஹைட்ராலிக் (திரவ அழுத்தம்) கைவிட்டாலும், அதை மேலே பிடித்திருக்கும் பூட்டை விடுவித்தால் சக்கரம் தன் எடையிலேயே விழுந்து பூட்டிக்கொள்ளும். பிறகு பெரும்பாலும் மடக்க முடியாது. தொங்கும் சக்கரம் காற்றைத் தடுத்து எரிபொருளைத் தின்னும். ஆகவே மதுரைக்குத் திருப்புவதா என்பதை முன்பே கணக்கிடுவார்கள்.

தீயணைப்பு வண்டி நிற்பது வெறும் முன்னேற்பாடாம். அதைப் பார்த்துத்தான் பாதிப்பேர் அழுதோம்!

சுக்குக்காப்பிக்கும் நீங்களே காசு கொடுத்தீர்கள், பெயர்கூடச் சொல்லாமல்.