அரையாண்டுச் செய்திகளும் நம் தெரு மரங்களும்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி மீண்டும் திறந்திருக்கிறது. அரையாண்டுத் தேர்வில் பெரும்பாலான வகுப்புகள் நன்றாகச் செய்திருக்கின்றன. விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம். பார்த்துக் கையொப்பமிட்டு அனுப்புங்கள். கபடியிலும் சதுரங்கத்திலும் நம் அணிகள் பரிசு பெற்றன. அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மாலைச் சிறப்பு வகுப்புகள் தொடர்கின்றன. உழைத்த அனைவருக்கும் பாராட்டுகள்.

அடுத்து ஒரு விஷயம். இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நம் பள்ளியின் தேசிய பசுமைப் படை மாணவர்கள் சனிக்கிழமைக் காலைகளில் சுற்றுப்புறத் தெருக்களுக்குப் போய், மரங்களில் அறைந்திருக்கும் ஆணிகளைப் பிடுங்கிவருவது உங்களில் பலருக்குத் தெரியும். ஆசிரியர்கள் சொல்லித் தொடங்கிய வேலை அல்ல இது. ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் சிலர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தெருத்தெருவாக நடந்து மரங்களைக் கணக்கெடுத்தார்கள். என்ன மரம், அடிமரத்தின் சுற்றளவு என்ன, எத்தனை ஆணி, கம்பி இறுக்கியிருக்கிறதா, தூரைச் சுற்றிச் சிமென்ட் பூசியிருக்கிறார்களா என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார்கள். புங்கை, பூவரசு, வேம்பு, தூங்குமூஞ்சி, மகிழம் என ஒவ்வொன்றையும் இலை பார்த்தே சொல்லத் தெரிந்திருந்தது அவர்களுக்கு. கோட்டூர்புரத்தில், அடையாற்றங்கரையில் குப்பை மேடாகக் கிடந்த இடம் தன்னார்வலர்களின் உழைப்பால் மரப் பூங்காவானதை நேரில் பார்த்துவிட்டு வந்தவர்கள். "அனுமதி மட்டும் கொடுங்கள் ஐயா, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று என் அறையில் வந்து நின்றார்கள். மாநகராட்சிக்கு மனு எழுதியதும் அவர்கள்தாம். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் வரை சிமென்ட் இருக்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013ஆம் ஆண்டில் டெல்லி வழக்கொன்றில் பிறப்பித்த உத்தரவைத் தேடிப் பிடித்து அந்த மனுவில் சேர்த்திருந்தார்கள்.

ஓர் ஆணியால் என்ன ஆகிவிடும் என்று சிலர் கேட்கிறீர்கள். இலைகள் தயாரிக்கும் உணவு, பட்டைக்கு உட்புறமுள்ள மெல்லிய அடுக்கு வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. ஆணி அந்த அடுக்கைக் கிழிக்கிறது. துளை வழியே பூஞ்சையும் பூச்சியும் நுழைகின்றன. மரம் பருக்கப் பருக்க, துருப்பிடித்த ஆணி உள்ளே புதைந்துபோகிறது. பிறகு அதை எடுக்கவே முடியாது. சீரியல் விளக்குக்காகவும் கேபிளுக்காகவும் கட்டிய கம்பியை அவிழ்க்காமல் விட்டால் அது அடிமரத்தை இறுக்கி அறுத்துவிடுகிறது. தூரைச் சிமென்டால் மூடினாலோ மழைநீரும் காற்றும் வேருக்குப் போவதில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். வேர் பரவ இடமில்லாமல் நடைபாதைக்கும் வடிகாலுக்கும் நடுவே சிக்கி நின்ற மரங்கள் காற்றுக்கு எப்படித் தாங்கும்?

இனி, சொல்லத் தயங்கியதைச் சொல்கிறேன். மாணவர்கள் கழற்றிக் கொண்டுவந்த பலகைகளில் சில, நம் பெற்றோர்களுடையவை. டியூஷன் வகுப்பு, தையல் பயிற்சி, வீடு வாடகைக்கு, பிறந்தநாள் வாழ்த்து. கழற்றிய மறுவாரமே அதே மரத்தில், அதே இடத்தில் புதுப் பலகை. அதுகூடப் பரவாயில்லை. சென்ற சனிக்கிழமை ஒருவர் நம் மாணவியை நடுத்தெருவில் நிறுத்தி, "படிக்கிற வேலையை மட்டும் பார்" என்று உரக்கத் திட்டியிருக்கிறார். அந்தப் பிள்ளை திங்கட்கிழமை நோட்டுப் புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டு, இனி வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டிலிருந்தே சிறு தொழில் நடத்துகிறவர்களுக்குப் பத்திரிகை விளம்பரம் கட்டுப்படியாகாது என்பதை நான் அறிவேன். உங்கள் வருமானத்தில் கைவைப்பது எங்கள் நோக்கமே அல்ல. பள்ளி வாயிலை ஒட்டிய சுற்றுச்சுவரில் பெற்றோர்களுக்கென்றே ஓர் அறிவிப்புப் பலகை வைக்கிறோம். அரைத்தாளில் எழுதி அலுவலகத்தில் கொடுத்தால் கட்டணமின்றி ஒட்டித் தருவோம். காலையும் மாலையும் அத்தனை பெற்றோரும் கடந்துபோகும் இடம் அது.

பிள்ளைகளின் பாதுகாப்பு குறித்த உங்கள் கவலையும் நியாயமானது. கையுறையும் காலணியும் இல்லாமல் யாரும் வேலையில் இறங்குவதில்லை. ஏணியில் ஏறுவது பெரியவர்கள் மட்டுமே. இரண்டு ஆசிரியர்கள் எப்போதும் உடன் இருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துவிடுகிறோம். டெட்டனஸ் தடுப்பூசி போட்ட விவரத்தை மட்டும் வகுப்பாசிரியரிடம் எழுதித் தாருங்கள். பிள்ளையை அனுப்ப விருப்பமில்லை என்றாலும் தயங்காமல் சொல்லலாம். அதனால் மதிப்பெண்ணிலோ வேறெதிலோ எந்தக் குறையும் வராது.

ஆனால் ஒன்றில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. மரத்தில் விளம்பரம் அறைவது தண்டனைக்குரிய செயல் என்று மாநகராட்சி அறிவித்திருக்கிறது. இந்த வாரத்துக்குள் உங்கள் பெயரில் உள்ள பலகைகளை நீங்களே எடுத்துவிடுங்கள். அதன் பிறகும் இருப்பவற்றைப் படம் எடுத்து மாநகராட்சிக்கு அனுப்புவோம். அனுப்புவது மாணவர்கள் அல்ல, என் கையொப்பத்தில் நானே. இந்தப் பணியில் குறை கண்டால் என்னிடம் வந்து எவ்வளவு கோபமாக வேண்டுமானாலும் பேசுங்கள். பிள்ளைகளைத் தெருவில் நிறுத்தி மிரட்டுவதை இந்தப் பள்ளி பொறுத்துக்கொள்ளாது.

இவ்வளவு கடுமையாக எழுதுவது உங்களில் மிகச் சிலருக்காகத்தான். முதல் வாரம் மாணவர்கள் சுத்தியலின் கொண்டியால் நேரே இழுத்தபோது பட்டையும் சேர்ந்து பிய்ந்துவந்தது. தச்சுவேலை செய்யும் ஒரு தந்தை அதைப் பார்த்துவிட்டு, அடியில் சிறு மரக்கட்டையை அணைக்கொடுத்து நெம்பக் கற்றுக்கொடுத்தார். ஆணி எடுத்த துளைகளில் பூசுவதற்கென்று மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து வாரந்தோறும் டப்பாவில் கொடுத்தனுப்பும் அம்மாக்கள் இருக்கிறார்கள். கேட்டதும் தன் கடைப் பலகையைத் தானே கழற்றிக்கொண்டு, பிள்ளைகளுக்குத் தேநீரும் கொடுத்த பெற்றோரும் இருக்கிறார். இவர்கள் அனைவருக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி.

அந்த மாணவியின் வீட்டுக்கு நானும் வகுப்பாசிரியரும் போய்வந்தோம். வரும் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நேரம் கிடைக்கும் பெற்றோர்கள் காலை ஏழு மணிக்குப் பள்ளி வாயிலுக்கு வாருங்கள். வீட்டில் குறடு இருந்தால் எடுத்து வாருங்கள். எங்களிடம் போதுமான அளவு இல்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்