வானொலியை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், நவீனச் சமூகத்தை விமர்சித்த ஜெர்மானியத் தத்துவவாதிகளான பிராங்க்ஃபர்ட் சிந்தனையாளர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நடை நன்று. ஆனால், அவர்களில் ஒருவரான அடோர்னோ என்றால் சினிமாவையும் ஜாஸையும் கரித்துக்கொட்டிய ஒரு முசுடு என்பதுதான் மனத்தில் மிஞ்சுகிறது.

முதலில் ஒரு சொல். கட்டுரை நெடுகிலும் 'வெகுசனப் பண்பாடு' என்றே வருகிறது. நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவில் இருந்தபோது அடோர்னோவும் அவருடைய சகா ஹோர்க்ஹைமரும் எழுதிய 'அறிவொளியின் இயங்கியல்' நூலின் வரைவில் அந்தச் சொல்தான் இருந்தது. வேண்டுமென்றே அதை நீக்கி, 'பண்பாட்டுத் தொழில்துறை' என்று போட்டார்கள். வெகுசனம் என்றால் ஏதோ மக்களிடமிருந்து தானாக முளைத்தது போல ஆகிவிடும்; மேலே தயாரித்துக் கீழே இறக்கப்படும் சரக்கு என்பதல்லவா அவர்கள் வாதம்! பழைய சொல்லையே திரும்பப் போட்டால் பழி ரசிகன் தலையில் விழுகிறது.

இந்த விளக்கத்தை அடோர்னோ சொன்னதே வானொலியில்தான், 1963இல். 1949இல் நாடு திரும்பியவர், தாம் சாடிய அதே சாதனத்தின் முன் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் பேசினார். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. 1969இல் அவரது சமூக ஆய்வுக் கழகத்தின் கட்டடத்துக்குள் புகுந்த மாணவர்களை வெளியேற்றப் போலீஸை அழைத்த கதைக்கு மட்டும் ஒரு பத்தி. நடந்ததுதான், மறைக்க வேண்டியதில்லை. அதற்காக அது மட்டுமா அடோர்னோ?

1966இல் ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநில வானொலியில் 'ஆஷ்விட்ஸுக்குப் பின் கல்வி' என்று ஓர் உரை ஆற்றினார். நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த முகாம்தான் ஆஷ்விட்ஸ். அது இன்னொரு முறை நடக்கக் கூடாது. கல்வியிடம் கேட்கவேண்டியதில் அதுவே முதலாவது என்று தொடங்குகிறார். பிள்ளைகளைக் கடுமையாக வளர்ப்பதே நல்ல வளர்ப்பு என்ற எண்ணத்தைப் பிடித்து உலுக்குகிறார். தன் வலியைப் பொருட்படுத்தாமல் இருக்கப் பழக்கப்பட்டவன் அடுத்தவன் வலியையும் பொருட்படுத்தமாட்டான் என்கிறார். ('அடியாத மாடு படியாது' என்று கேட்டு வளர்ந்த எனக்கு இது சுருக்கென்று தைத்தது.) தொண்டர்கள் வண்டி கட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் போய் வகுப்பும் விவாதமும் நடத்தலாம், தொலைக்காட்சியைக்கூடப் பயன்படுத்தலாம் என்று யோசனையும் சொல்கிறார். எல்லாம் போச்சு என்று கைகழுவியவர் பேசுகிற பேச்சா இது?

அந்த உரையைத் தமிழாக்கி, இரண்டு இதழ்களில் பிரித்தாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல்